மூன்று நிமிடமும் ஒரு கொப்பித் தாளும்

ஸ்காபரோ, தை மாதம்

அன்பு நண்பருக்கு,

பொங்கல் பானை இறக்கி வைத்த கையோடு இங்கே வீட்டு வரி பில்லும் வந்து விழுந்துவிடும். ரொறன்ரோ மாநகரசபையின் இடைக்கால பில் அது. போன வருடம் கட்டிய வரியில் பாதியை மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று தவணையில் கட்டச் சொல்லும். ஊரில், யாழ்ப்பாணத்தில், சோலைவரி என்போமே, அதன் கனடிய உருவம். அங்கே ஐயா தை முடிவதற்குள் சைக்கிளில் கந்தோருக்குப் போய் முழு வருடத்துக்கும் ஒன்றாகக் கட்டி, 10 சதவீதக் கழிவும் வாங்கிக்கொண்டு வருவார். பற்றுச்சீட்டை நாலாக மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகுவார். அந்த வரி எப்படி முடிவானது, யார் முடிவு செய்தது என்று அவர் கேட்டதை நான் கண்டதில்லை. கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இங்கே கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்த ஊரின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998இல் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ உட்பட ஆறு நகரசபைகளை ஒன்றாக்கிப் பெரிய ரொறன்ரோவை உருவாக்கினார்கள். பஸ், பொலிஸ், தீயணைப்பு, நூலகம், தங்குமிடம், பனி அள்ளுவது என்று அன்றாடச் செலவுக்கு மட்டும் 2025இல் 18.8 பில்லியன் டொலர் பாதீடு. வருமான வரியோ விற்பனை வரியோ அறவிட இந்தச் சபைக்கு அதிகாரமில்லை. அன்றாடச் செலவில் பற்றாக்குறை வைக்கவும் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் விடாது. மேலே இருக்கும் அரசுகள் கடன் வாங்கிச் சமாளிக்கும். மாநகரம் கணக்கை நேராக்கியே தீரவேண்டும். ஆகவே மேலிருந்து உதவி வராத வருடத்தில் வரியைக் கூட்டு, இல்லாவிட்டால் சேவையை வெட்டு என்ற இடத்தில்தான் கதை வந்து நிற்கும்.

வீட்டு விலை ஏறினால் வரியும் தானாக ஏறிவிடும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது சரியில்லை. கோயில் திருவிழாச் செலவை உபயகாரர் பங்கு போடுவதை நினைத்துப் பாருங்கள். மொத்தச் செலவு முதலில் முடிவாகும், ஆளுக்கு எவ்வளவு என்பது பிறகு. சபையும் தனக்கு வேண்டிய தொகையை முதலில் தீர்மானித்து, அதை வீடுகளின் மதிப்புக்கு ஏற்பப் பிரிக்கிறது. எல்லா வீடும் ஒரே வீதத்தில் விலை ஏறினால் யாருடைய பங்கும் மாறாது. அந்த மதிப்பும் இன்றைய மதிப்பல்ல, 2016 ஜனவரி 1ஆம் திகதிக்கு உரியது. 2020இல் வரவேண்டிய புது மதிப்பீட்டைக் கொரோனாவைக் காரணம் காட்டி மாகாண அரசு தள்ளிவைத்தது. இன்னும் அந்தப் பழைய மதிப்பில்தான் பங்கு போடுகிறார்கள். வரி ஏன் கூடியது என்று கேட்பவர்கள் பார்க்கவேண்டியது வீட்டுச் சந்தையை அல்ல, தையில் சபையின் முன் வரும் அந்தத் தொகையை.

2024 தையில் அந்தத் தொகை எல்லோரையும் உலுக்கியது. ஒலிவியா சோ நகர முதல்வராகி வந்த முதல் பாதீடு. ஏறத்தாழ 1.8 பில்லியன் டொலர் துண்டு விழுந்திருந்தது. வீட்டு வரியை 10.5 சதவீதம் கூட்டவேண்டும் என்று அதிகாரிகள் முன்மொழிந்தார்கள். மரக்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் அதே பேச்சு. வீடு வைத்திருப்பவர்கள் கொதித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அப்படி ஒதுங்கி நின்றவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா. பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் மகளோடு இருந்தார். உள்ளே மேசை போட இடமில்லை. சமையல் திண்ணையிலேயே பிள்ளை படிக்கும். ஞாயிறு அன்று பக்கத்து நூலகம் பூட்டு. அன்றைக்கு மட்டும் அவள் கோப்பிக் கடையில் ஒரு கோப்பி வாங்கிவைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கணக்குச் செய்வாள்.

"சபையில போய் இதைச் சொல்லலாம் அக்கா" என்றேன்.

"வீடு வளவு இருக்கிற ஆக்கள் கதைக்கட்டும் தம்பி. பேஸ்மெண்டில இருக்கிற எனக்கு அங்க என்ன அலுவல்?"

கொஞ்ச நேரத்தில் அவரே இன்னொன்றும் சொன்னார். வரி கூடப்போகிறது என்று சொல்லி வீட்டுக்காரர் வாடகையில் மாதம் 100 டொலர் ஏற்றிவிட்டாராம். மேசையில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சபை முன்மொழிந்த ஏற்றம் சராசரி வீட்டுக்கு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் டொலர். அக்காவிடம் ஏற்றியது வருடத்துக்கு 1,200. நிலத்துக்கு மேலே இருப்பவரின் வரி ஏற்றம் முழுவதையும் நிலத்துக்குக் கீழே இருப்பவர் கட்டி, மிச்சமும் கொடுக்கிறார்! அக்கா அந்தக் கணக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வாடகைக்கு இருப்பவரும் வரி கட்டுகிறார். பில் அவர் பெயருக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பழைய வாடகை மாடிக் கட்டடங்களுக்குத் தனிவீட்டைவிடக் கூடிய வரிவீதம். அதுவும் வாடகைக்குள்ளேதான் இருக்கிறது. அப்படியிருக்க, பாதீடு பற்றிக் கூச்சமில்லாமல் வாய் திறப்பவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான். இது எனக்குப் பெரிய மனக்குறை.

டெபுட்டேஷன் என்று இங்கே சொல்வார்கள். தையில் பாதீட்டுக் குழு நகர மண்டபத்திலும் வட்டார மண்டபங்களிலும் இருந்து மக்களின் பேச்சைக் கேட்கும். கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்கள். குடியுரிமை உண்டா, வீடு உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. வழமையாக ஆளுக்கு ஐந்து நிமிடம். பட்டியல் நீண்டால் மூன்றாகக் குறைப்பார்கள்.

கடைசியில் அக்காவும் பெயர் கொடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்தது மூன்று. ஸ்காபரோ நகர மண்டபம் கட்டடக் கலைஞர் ரேமண்ட் மொரியாமா வரைந்து 1973இல் திறந்த வெள்ளைக் கட்டடம். உள்ளே அண்ணாந்து பார்க்கவைக்கும் வெட்டவெளிக் கூடம். அக்கா இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். குளிர்ச் சட்டையைக் கழற்றவில்லை. கையில் மகளின் கொப்பியிலிருந்து கிழித்த தாள். எட்டிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம், ஆனால் தமிழ் எழுத்தில்! 'குட் மோர்னிங் சேர். ஐ லிவ் இன் எ பேஸ்மெண்ட்.' மகள் சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார். நிறுத்தவேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு.

அவருக்கு முன்னால் ஒருவர் வரியைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் பென்ஷனில் வாழும் தன் நிலையைச் சொன்னார், குரல் தழுதழுத்தது. (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வரி ஏற்றத்தைத் தள்ளுபடி செய்யவும் பிற்போடவும் சபையில் திட்டம் இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. இதைப் படிக்கும் பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும்.) பிறகு அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் கடித்துத்தான். ஒலிவாங்கிக்கு முன்னால் தாள் நடுங்கியது. நேரம் காட்டும் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. பென்சில் கோடு வந்த இடத்திலெல்லாம் சரியாக மூச்சு வாங்கினார். அரை நிமிடம் மிச்சமிருக்கவே முடித்துவிட்டார்.

பேசியவரிடம் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். ஒருவர் கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை நூலகத்தை எத்தனை மணிக்குத் திறந்தால் உங்களுக்கு உதவும்? இதற்குத் தாளில் விடை இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானாகவே, "எனி டைம் சேர். மை டோட்டர் வெயிட் அவுட்சைட்" என்றார்.

ஒரு பேச்சால் என்ன மாறும் என்று நீங்கள் கேட்பீர்கள். 2011 ஜூலையில் ரொப் ஃபோர்ட் முதல்வராக இருந்தபோது நூலகம் உட்படப் பல சேவைகளை வெட்டுவது பற்றி நிர்வாகக் குழு கூடியது. காலையில் தொடங்கிய கூட்டம் இரவெல்லாம் நீண்டு மறுநாள் காலையில்தான் முடிந்தது, 22 மணி நேரம். நூற்றுக்கும் மேற்பட்டோர் வரிசையில் காத்திருந்து பேசினார்கள். நடுச்சாமம் கடந்து ஒரு பள்ளி மாணவி நூலகத்துக்காகப் பேசும்போது அழுதுவிட்டாள். எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் நூலகங்களுக்காகக் குரல் கொடுத்ததும் அந்தக் கோடையில்தான். ஆறு மாதம் கழித்து, 2012 ஜனவரியில், வெட்டுகளில் ஒரு பகுதியைச் சபை 23க்கு 21 வாக்கில் திருப்பிப் போட்டது. முதல்வர் தோற்றார். இரண்டே வாக்கு வித்தியாசம். அந்த இரவில் எல்லோரும் வீட்டில் படுத்திருந்தால் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அன்றைய சபை வேறு, இன்றைய சபை வேறு என்பதையும் சொல்லவேண்டும். 2018இல், 47 ஆகவிருந்த வட்டாரங்களை மாகாண அரசு 25 ஆக்கியது. இப்போது பாதீட்டை முன்வைப்பது முதல்வர். சபை திருத்தலாம், முதல்வர் அந்தத் திருத்தத்தை மறுக்கலாம், மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 23க்கு 21 என்ற கணக்கு முதல்வரின் மறுப்புக்கு முன்னால் நிற்காது. இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல முதல்வர் இருக்கும்போதும் பிடிக்கவில்லை.

2024இல் ஏற்றம் கடைசியில் 9.5 சதவீதத்தில் நின்றது. பொலிஸ் கேட்ட பணமும் கிடைத்தது. அடுத்த வருடப் பாதீட்டில் நூலகங்களைக் கூடுதல் ஞாயிறுகளில் திறக்கப் பணம் ஒதுக்கினார்கள். அக்கா கேட்டதால்தான் என்று நான் சொல்லவரவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகக் கேட்டது அது. ஆனால் கேட்டவர்களின் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கிறது.

இன்று சபையில் பார்த்தி கந்தவேள், நீதன் சாண் என்று இரண்டு தமிழர் இருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். அதனாலேயே நாங்கள் வாய் மூடிக்கொள்ளக் கூடாது. நம்மவர் சபையில் இருந்தால் போதாது, நம்மவர் ஒலிவாங்கிக்கு முன்னாலும் நிற்கவேண்டும்.

ஊரில் என்ன நிலைமை? 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு முறை தோற்று யாழ்ப்பாண மாநகர முதல்வர் பதவியே போனது. இங்கே இருந்து அதைப் படித்தபோது, உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். சோலைவரி கட்டுகிறவர் என்ன சொன்னார் என்று ஒருவரும் எழுதவில்லை. 2025 மே மாதம் நீங்கள் மறுபடி வாக்களித்துச் சபையை அமைத்திருக்கிறீர்கள். உங்கள் வட்டார உறுப்பினர் பாதீட்டுக்கு முன்னால் ஒழுங்கைப் பக்கம் வந்து யாரையும் விசாரித்தாரா? வாய்க்கால், தெருவிளக்கு, நூலகம், எதைப் பற்றியாவது? எழுதுங்கள்.

அக்காவிடம் கேட்டு அந்தக் கொப்பித் தாளைப் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். நடுவில் 'சண்டே' என்ற சொல்லைப் பாருங்கள், மூன்று தரம் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அன்புடன்.