வாழைத்தோட்டத்து சர்தார்களும் ஒரு கடற்கரை ஊரும்

ஜலந்தரில் எங்கள் தெருவில் ஆஸ்திரேலியா என்று சொன்னால் யாரும் சிட்னி, மெல்பர்ன் என்று ஆரம்பிப்பதில்லை. கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் "வுல்கூல்கா" என்பார்கள். முதல் தடவை கேட்டபோது ஏதோ தின்பண்டம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்குக் கடற்கரையில், காஃப்ஸ் ஹார்பர் நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிறவர்கள் அதைச் செல்லமாக "வூப்பி" என்கிறார்கள்.

நான் பஞ்சாபுக்கு வேலையாக வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பகுதிக்கு தோவாபா என்று பெயர். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். கிராமத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையே விமானம் மாதிரி கட்டி வைத்திருப்பார்கள். விசா கிடைக்க வேண்டும் என்று தல்ஹன் குருத்வாராவில் பொம்மை விமானம் காணிக்கை வைப்பது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. வந்த புதிதில் இதையெல்லாம் கிண்டல் பண்ணிச் சிரித்திருக்கிறேன். நானும் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வந்தவன்தான் என்பது அப்போது ஏனோ தோன்றவில்லை :-)

2024 அக்டோபரில் பிரிஸ்பேனில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு சர்தார்ஜி விடவில்லை. "என் சித்தப்பா பையன் வுல்கூல்காவில் இருக்கான். நீ போகாம வந்தா நான் உன்னோட பேச மாட்டேன்" என்றார். மாமா வண்டி ஓட்ட, கரும்பு வயல்களைத் தாண்டித் தெற்கே நாலரை மணி நேரப் பயணம். ஊருக்குள் நுழைந்தால் மேட்டில் வெள்ளை வெளேரென்று குவிமாடங்களோடு ஒரு குருத்வாரா. அந்தப் பக்கம் பசிபிக் கடல். ஒரு நிமிடம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று குழப்பமாகிவிட்டது.

அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் பஞ்சாபியில் பதில் சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! "மதராஸி பஞ்சாபி பேசறான்" என்று உள்ளே குரல் கொடுத்து எல்லாரையும் வரவழைத்துவிட்டார். அவர் பேசியது இன்றைய ஜலந்தர் பஞ்சாபி இல்லை. பழைய கிராமத்துச் சொற்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் கப்பலில் ஏற்றிவிட்ட மொழி, ஊறுகாய் மாதிரி அப்படியே இருந்தது.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது கும்பைங்கிர் என்கிற பழங்குடி மக்களின் நிலம். ஊர்ப்பெயரும் அவர்கள் மொழியில் ஒரு பழமரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரர்கள் வந்து மரம் வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் நீளமான மரப்பாலம் கட்டி, வெட்டிய மரத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். 1893ல் மரம் ஏற்ற வந்த 'பஸ்டர்' என்ற பாய்மரக் கப்பல் புயலில் கரை ஒதுங்கி உடைந்துவிட்டது. அதன் எலும்புக்கூடு இன்றும் மணலுக்குள் கிடக்கிறது. கடல் மணலை அரிக்கிற சில சமயம் மட்டும் வெளியே தெரியும். நாங்கள் போனபோது தெரியவில்லை. என் மகளுக்கு ஏமாற்றம்.

மரத்துக்குப் பிறகு வாழை. வாழை என்றால் நமக்கு ஆற்றோரம், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் ஞாபகம் வரும். அங்கே செங்குத்தான மலைச்சரிவில் நடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தங்கிவிடும், அதனால் சரிவில் உறைபனி பிடிக்காது. தெற்கு அரைக்கோளம் ஆனதால் வடக்கு பார்த்த சரிவில்தான் வெயில் நன்றாக விழும். அந்தச் சரிவில் தார் வெட்டித் தோளில் சுமந்து இறங்குவது லேசான வேலை இல்லை. இரண்டாம் உலகப் போரில் உள்ளூர் ஆட்கள் போய்விட, 1940களில் அந்த வேலைக்கு வந்தவர்கள்தான் இந்த பஞ்சாபிகள். அதுவரை வடக்கே கரும்பு வெட்டிக்கொண்டும், பண்ணைகளில் கூலி வேலை பார்த்துக்கொண்டும் இருந்தவர்கள். கூலியாக வந்து, குத்தகைக்கு எடுத்து, பிறகு தோட்டத்தையே வாங்கினார்கள்.

இவ்வளவும் நடந்தது வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை இருந்த காலத்தில். 1901ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் வாசிப்பார், அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். வேண்டாதவனைத் தள்ளுவதற்கென்றே வைத்த பரீட்சை. 1958ல்தான் எடுத்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த இந்தியர்கள் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 1918ல் பேரரசு மாநாட்டில் பேசி முடித்த பிறகு மனைவி, சின்னப் பிள்ளைகளை அழைத்து வரவும் அனுமதி கிடைத்தது. ஆனாலும் இந்த ஊருக்குப் பெண்கள் வரத் தொடங்கியது பெரும்பாலும் போருக்குப் பிறகுதான். அதுவரை ஆண்கள் மட்டுமே. சமைத்து, சாப்பிட்டு, பணம் அனுப்பிவிட்டுத் தூங்குகிற வாழ்க்கை. துபாய் லேபர் கேம்ப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் வந்த பிறகுதான் ஊர் என்ற நினைப்பே வந்திருக்கிறது. 1968ல் இங்கே ஆஸ்திரேலியாவின் முதல் குருத்வாராவைத் திறந்தார்கள். பெரிய நகரம் எதற்கும் கிடைக்காத பெருமை. 1970ல் மேட்டின் மேல் இன்னொன்று. சில நூறு பேர் இருந்த சமூகத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் இரண்டு குருத்வாரா எதற்கு என்று கேட்கிறீர்களா? வேறென்ன, கருத்து வேறுபாடுதான். வெளியூரில் தமிழ்ச் சங்கம் நடத்தியவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மூன்றாவது வருடம் பொங்கல் விழாவே இரண்டு இடத்தில் நடப்பதுதானே நம் வழக்கமும்.

இவர்களைப் பற்றி மானுடவியலாளர் மேரி டி லெபெர்வான்ச் எழுதிய புத்தகம் 1984ல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வெள்ளை ஆஸ்திரேலியாவில் இந்தியர்கள்'. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது, 2001ல் இந்தச் சமூகத்தைப் பற்றி வந்த இன்னொரு புத்தகம். அதைப் பதிப்பித்தது ஊரில் இருக்கிற அக்கம்பக்கத்து உதவி மையம்! தனியாக இருக்கும் முதியவர்களைக் கவனிப்பது, வழி தெரியாதவருக்கு வழி சொல்வது என்று அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிற சாதாரண அமைப்பு. குருத்வாரா தன் சரித்திரத்தைத் தானே அச்சடித்தால் அது நம் மலர் வெளியீடு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரன் "இது எங்கள் ஊர்ச் சரித்திரம்" என்று அச்சடித்தால் விஷயமே வேறு.

பெரியவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, அதற்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்று கடல் காவல் மன்றத்து ஆட்கள் நின்றார்கள். அலை சாதுவாகத் தெரிந்தாலும் கடலுக்குள்ளே இழுக்கிற நீரோட்டம் இருக்கும். ஆஸ்திரேலியக் கடலில் நம் இந்தியர்கள் அடிக்கடி மூழ்கிப் போவது அதனால்தான். காவல் மன்றத்தில் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஐந்து வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்த்துக் கடலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'நிப்பர்ஸ்' என்று பெயர். அங்கே வண்ணத்தொப்பி போட்டு மணலில் ஓடிய கூட்டத்தில் பெரியவரின் பேரனும் ஒருவன்.

"நான் ஐம்பத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதில்ல" என்றார் பெரியவர். பஞ்சாபில் ஏது கடல்? அவருக்குக் கடல் என்றால் மலைச்சரிவில் தார் வெட்டும்போது கீழே தெரிகிற நீலக் கோடு. மகன் காலத்தில் கிரிக்கெட், ஹாக்கி. அதுவும் பாதி நம்மவர்கள் கூடத்தான். பேரன்தான் கடலில் இறங்கினான். மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது ஐந்நூறு மீட்டரைக் கடக்க.

ஊரில் எல்லாம் தேன் ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம். வட குவீன்ஸ்லாந்து வாழையோடு போட்டி போட முடியாமல் வாழைத்தோட்டங்கள் சுருங்கிவிட்டன. இப்போது சரிவெல்லாம் வெள்ளை வலை போர்த்திய புளூபெர்ரி. 2001ல் விவசாயிகள் 'ஓஸ் குரூப்' என்ற கூட்டுறவு அமைத்தார்கள், அதில் பெரும்பாலோர் பஞ்சாபிக் குடும்பத்தினர். நல்ல வருமானம். கூடவே சண்டையும். ஹர்ன்ஸ் ஏரிப் பக்கம் ஓடைகளில் உரச்சத்து மிக அதிகமாகக் கலப்பதை சதர்ன் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். வலையைப் பார்த்தாலே எரிச்சலாகிற உள்ளூர்க்காரர்களும் உண்டு. பழம் பறிக்க வருகிற வெளிநாட்டு இளைஞர்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையாகி, எப்படிப் பறித்தாலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி உண்டு என்ற விதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தாத்தா அதே சரிவில் கூலிக்கு நின்றவர், பேரன் கூலி கொடுக்கிற இடத்தில். இந்தப் பேச்சை எடுத்ததும் பெரியவர் வீட்டில் கொஞ்சம் மௌனமாகிவிட்டார்கள். நானும் லஸ்ஸியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

2006ல் ஆரம்பித்த 'கறி ஃபெஸ்ட்' என்ற தெருவிழாவைப் பற்றி அக்கா நிறையச் சொன்னாள். நாங்கள் போன சமயம் அது இல்லை. நெடுஞ்சாலை முன்பு ஊருக்குள்ளேயே போனது, 2013-14ல் புறவழிச்சாலை வந்துவிட்டது. குருத்வாராவைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்கள் இப்போது நேராகப் போய்விடுகிறார்கள். அதனால் அழைத்து வர விழா வேண்டியிருக்கிறது.

புதிதாக உள்ளரங்கமும் மைதானங்களுமாக ஒரு விளையாட்டு வளாகம் 2023ல் திறந்திருக்கிறார்கள். அதற்கு 'வீகுல்கா' என்று கும்பைங்கிர் மொழியிலேயே பெயர். அதற்கு முந்திய ஆண்டு காஃப்ஸ் ஹார்பரில் கும்பைங்கிர் மொழியில் பாடம் நடத்துகிற பள்ளி தொடங்கினார்கள். பழங்குடி மொழியும் ஆங்கிலமுமாக நடக்கிற பள்ளி நியூ சவுத் வேல்ஸில் அதுதான் முதல். அழிகிற நிலைக்குப் போன மொழியைக் குழந்தைகள் வாயில் திரும்ப வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கிளப்பப் போராடுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம் (என் வீட்டம்மா நான் என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன் என்பாள்).

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஜலந்தரில் நாங்கள் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹால் கட்டப் பணம் சேர்க்கிறோம். ராணுவம், வங்கி, கல்லூரி என்று வந்தவர்கள். பொங்கல், தமிழ் வகுப்பு, வளைகாப்பு, யாராவது இறந்தால் கூடி உட்கார ஓர் இடம். வருத்தத்தில் தனியாக உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அவசியம் தெரியும். ஆனால் ஹாக்கி மட்டையும் பஞ்சாபிச் சிநேகிதிகளுமாகத் திரிகிற என் பன்னிரண்டு வயது மகள் கேட்டாள், "அங்க பூனம் வரலாமாப்பா?" என்று.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு நடந்த கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். மேலே நம் ஹால் இருக்கட்டும், கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தெருப் பிள்ளைகளுக்கு வாசகசாலையாகத் திறந்துவிடலாம், தமிழ், பஞ்சாபி, இந்தி எல்லாப் புத்தகமும் வைக்கலாம் என்று. ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நாலு ரூபா நாலு ரூபாயாச் சேத்தது நம்ம பிள்ளைகளுக்கு. நமக்கே உக்கார இடமில்ல, ஊருக்குப் பந்தலா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வுல்கூல்காவில்கூட முதலில் கட்டியது குருத்வாராதான், கடல் பிற்பாடுதான். தமிழ் சொல்லிக்கொடுக்கிற மாமி மட்டும், "முதல்ல நாற்காலி வாங்குங்கோ, அப்புறம் யார் உக்காரணும்னு சண்டை போடலாம்" என்றார்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று கன்டோன்மென்ட் பக்கம், பெரும்பாலான தமிழ் வீடுகளுக்கு நடந்து போகிற தூரம். இன்னொன்று ஹாக்கி மைதானத்துக்கு எதிரே, விலை கொஞ்சம் அதிகம். நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன். இதுவரை என்னையும் சேர்த்துப் பதினோரு கை. அடுத்த மாதம் மறுபடி கூட்டம்.