மூன்று, நான்கு, ஐந்து

எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் நான் தேறவில்லை. தச்சு வேலை கற்கப் போகிறேன் என்றதும் அப்பா பேசாமல் எழுந்து போனார். அம்மாதான் கேட்டார்: "பத்து வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் போன புள்ள மரம் இழைக்கப் போகுதுன்னு அத்தைகிட்ட எப்படிப்பா சொல்றது?"

எனக்கும் பதில் தெரியவில்லை. கைவேலை பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

எஸ்.கே.எம். சான்றிதழுக்கான பயிற்சியில் சேர்ந்தேன். முதல் சில மாதங்கள் பட்டறையில்தான். உளியைத் தீட்டுவது, இழைப்புளியைச் சீராகத் தள்ளுவது, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது. செங்கால் மரம் இரும்பு மாதிரி. மெராந்தி சொன்னபடி கேட்கும். உள்ளங்கைக் கொப்புளங்கள் காய்ப்பாக மாறின.

பிறகு சி.ஐ.டி.பி. பச்சை அட்டை எடுத்துக்கொண்டு, காஜாங் பக்கம் ஒரு வீடமைப்புத் தளத்திற்குப் போனேன். அங்கே அறுபதைத் தாண்டிய சீனத் தச்சர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'அங்கள்'. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி அளந்து குறித்தார். குறுக்கே ஐந்து அடி வந்தால் மூலை சரியான செங்கோணம். கரும்பலகையில் எனக்குப் புரியாத பித்தாகரஸ், சிமெண்டுத் தரையில் ஒரு நிமிடத்தில் புரிந்தது.

ஒருநாள் நானே நிலை வைத்துக் கதவு மாட்டினேன். அங்கள் கதவைப் பாதி திறந்து கையை எடுத்தார். அது தானாக நகர்ந்து சாத்திக்கொண்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், கீல் பக்கம் கால் அங்குலம் சாய்வு. கழற்றச் சொன்னார். அரை நாள் வேலை வீண். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த வீட்டை வாங்குறவன் முப்பது வருஷம் பேங்குக்குக் கட்டுவான். தினமும் இந்தக் கதவைத் திறப்பான்," என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ரசமட்டம் வைக்காமல் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

எஸ்.கே.எம். மூன்று நிலைகள், அதன்பின் டிப்ளோமாவும் உண்டு. நான் இரண்டாம் நிலையை முடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு தரையில் உரசும். அம்மா பல வருடங்களாக அதைத் தூக்கித்தான் சாத்துவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, கீழ்விளிம்பை இழைத்து, கீலை மாற்றி மாட்டினேன். அம்மா இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தம்பியா? வீடு கட்டுற வேலையில இருக்கான்."