ஒன்றரைச் சுற்றும் ஒரு காதும்



ஆட்டோமொபைல் பிரிவில் இன்று யாராவது கார்புரேட்டர் பற்றிப் பேசினால் ஒரு சிரிப்பு எழும். அதிலும் நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதே புதிய கார்களிலிருந்து அது விடைபெறத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் மோட்டார் சைக்கிளிலும் இன்ஜெக்ஷன்தான். ஆனாலும் ஒரு கார்புரேட்டர் எனக்குக் கற்றுத் தந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

எங்கள் வீட்டில் 1990 மாடல் அம்பாசிடர் ஒன்று உண்டு. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். தாத்தா வாங்கியது. 2025-ல் ஆர்.சி. புதுப்பிக்கும் முறை வந்தது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.6 சதவீதம் காட்டியது. அந்தக் கால வண்டிக்கு அனுமதி 3 சதவீதம். பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டார்.

நான் பாளையங்கோட்டையில் உள்ள மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். வந்து பார்த்தவர் திராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. ஷாஃப்ட் தேய்ந்த சந்து வழியாகக் காற்று உள்ளே போகிறது, அதை ஈடுகட்ட யாரோ மிக்ஸர் ஸ்குரூவைத் திறந்து விட்டிருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் புகை என்றார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து புது சோலெக்ஸ் கார்புரேட்டர் பார்சலில் வந்தது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஏர் கிளீனர், பெட்ரோல் பைப், சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் ராடு என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துகள் மேனிஃபோல்டுக்குள் விழாதபடி துணி அடைத்தோம். புதிய பேக்கிங் வைத்து நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினோம். ஒரே பக்கம் முடுக்கினால் ஃபிளாஞ்ச் வளைந்து மறுபடியும் காற்று இழுக்கும். எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸையும் மாற்றினோம்.

உடனே டியூனிங் என்று நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். "லே தம்பி, முதல்ல கரண்ட்டு, பொறவுதான் பெட்ரோலு!" பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, டேப்பட் 0.015. இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகுவது நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுப்பது மாதிரி.

பிறகு மிக்ஸர் ஸ்குரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தோம். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தோம். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஃபிளாஞ்சைச் சுற்றி நகர்த்தினார் அண்ணாச்சி. 'ஸ்ஸ்' என்ற சத்தம் இல்லை. காற்று ஒழுகவில்லை.

ஆனால் ஐட்லிங் நிற்கவில்லை, நடுங்கியது. "எத்தனையோ அம்பாசிடருக்கு இந்த ஒன்றரைச் சுத்துலதான் வச்சிருக்கேன். இப்ப ஏன் இது கேக்க மாட்டேங்கு?" என்றார். அங்கேதான் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 13.5 வருகிறது. பழைய அளவிலேயே விட்டால் எரிபொருள் போதாமல் போகும். "அண்ணாச்சி, பெட்ரோலே மாறிட்டு" என்றேன்.

அவர் கணக்கு கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று வெளியே எடுத்தார். நடுக்கம் குறைந்தது. இன்னும் எடுத்தார். இன்ஜின் கனத்து அலைந்தது. கொஞ்சம் உள்ளே திருகினார். இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவில் சத்தம் சீராகியது. பிறகு ஐட்லிங் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.

கிருஷ்ணாபுரம் வரை ஓட்டிப் போய், இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றினோம். பீங்கான் வெளுத்திருந்தது. எரிபொருள் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றி மறுநாளும் ஓட்டினோம். பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. அடுத்த பரிசோதனையில் 1.8 சதவீதம்! ஆர்.சி.யும் கிடைத்தது. அப்பா உறையை மடித்துப் பரணில் போட்டார்.

நண்பர்களே, அண்ணாச்சிக்கு அந்தச் சமன்பாடு தெரியாது. எனக்கு அந்தக் காது கிடையாது. கணக்கு எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொன்னது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் காது சொன்னது. இன்றைய இன்ஜெக்ஷன் காரில் புகைக் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் செய்வதும் இதே வேலைதான். கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் திருத்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நடப்பதை, கார்புரேட்டரில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கையாலேயே உணரலாம்.

ஆகவே, நம் பட்டறையின் மூலையில் கிடக்கும் பழைய கார்புரேட்டரைக் கண்டால் ஒதுக்காதீர்கள். கழற்றிப் பாருங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். டிப்ளமோ கையில் வரும்போது, காதும் கொஞ்சம் பழகியிருக்கட்டும்!

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு