துளையின் அடி

மரத்தில் துளையெடுக்கும் பொறி ஒன்றைத் தேர்ந்து தருமாறு தம்பி கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பாவின் தச்சுப்பட்டறையிலிருந்து தப்பித்துத் தமிழ் எம்.ஏ. படிக்கப் போனவன் நான். "இங்கிலீஷ்ல இருக்கிறத படிச்சுச் சொல்லுண்ணே, அது போதும்" என்றான். அவன் வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. கொட்டாப்புளியை ஆறு மாதம் தொடக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. நான்கு வீட்டு நிலைகளுக்கு முன்பணம் வாங்கிச் செலவழித்தும் ஆகிவிட்டது.

வாசல் நிலையில், நெடுஞ்சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கிக் குறுக்குச்சட்டத்தின் துளைக்குள் இறக்குவார்கள். (வகுப்பில் நிலைமொழி, வருமொழி என்று புணர்ச்சி நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த நிலைதான் நினைவுக்கு வரும். மாணவர்களிடம் சொன்னதில்லை.) வேங்கையில் அப்படியொரு துளையை உளியால் எடுக்க அப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

பொறிகளில் இரண்டு வகை கண்டேன். ஒன்றில், சதுரக் குழல் போன்ற உளிக்குள் துரப்பணம் சுழல்கிறது. மூலைகள் கூர்மையாக வரும். ஆனால் கடின மரத்தில் கைப்பிடியை மீண்டும் மீண்டும் அழுத்த வலுவான தோள் வேண்டும். மற்றது சங்கிலிப் பொறி. ஒரு பட்டையைச் சுற்றி ஓடும் பற்சங்கிலி நேராக மரத்துக்குள் இறங்குகிறது. மூன்று அங்குலக் கனத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனம் கையிலெடுத்துச் செல்லும் சங்கிலிப் பொறியை 1926-லேயே செய்திருக்கிறது.

குறைகளும் உண்டு. துளையின் அகலம் சங்கிலியின் அகலம்தான்; வேறு அளவு வேண்டுமெனில் சங்கிலி, பட்டை, பற்சக்கரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பட்டையின் அகலத்தைவிடக் குட்டையான துளையை எடுக்கவே இயலாது. சங்கிலி மேலேறி வரும் பக்கத்தில் விளிம்பு பிய்யும். அங்கே ஒரு மரக்கட்டை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டையின் நுனி வளைந்திருப்பதால் துளையின் அடியும் குழிந்தே வரும்.

நிலைக்கு ஊடுருவும் துளைதான். அதற்கு அடி என்று ஒன்று இல்லை. ஆகவே சங்கிலிப் பொறியே சரி, கதவுச் சட்டங்களின் சிறு துளைகளை உளிக்கே விட்டுவிடலாம் என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுபத்து நான்கு வயது. தம்பியின் உளிகளை அந்த வாரம் முழுதும் அவர்தான் தீட்டிக்கொண்டிருந்தார்.

பொறி வந்த அன்று, கழிவுக் கட்டையொன்றில் இரண்டு அங்குல ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தான் தம்பி. இரைச்சல் அடங்கியதும் அப்பா எழுந்து வந்தார். சுட்டுவிரலைத் துளைக்குள் விட்டு அடியைத் தடவினார். மீண்டும் தடவினார்.

"அரை அங்குல உளிய எடு" என்றார் என்னிடம்.

எது அரை அங்குலம் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிதான் இடக்கையால் எடுத்துக் கொடுத்தான்.