பந்தயத் தடமும் பாலிசித் தாளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூருக்கு அவ்வழியே வருவோரில் இரு வகையினர் உண்டு. எப்போது முடியுமோ என்று வளைவுகளை எண்ணிக்கொண்டு வருவோர் ஒரு வகையினர். அதற்குள் முடிந்துவிட்டதே என்று வருந்துவோர் மற்றொரு வகையினர். நம் தம்பி மகன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். சென்ற ஆண்டு ஈதுப் பெருநாள் கழிந்த வாரத்தில் குடும்பத்தாருடன் அவன் வந்து இறங்கியபோது, காரின் முன்சக்கரங்களிலிருந்து பிரேக் தீய்ந்த வாடை வீசியது. அவன் தாயார் முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்தக் கார் அவன் பெயரில் பதிவானது. ஆனால் அதற்கான பணம், நம் தம்பி வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்தது. தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் தங்கையைக் கல்லூரியில் விடுவதும் அதில்தான். மாதத் தவணை இன்னும் மூன்றாண்டுக்கு இருக்கிறது.

"பெரியத்தா, அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இந்தக் காரை ஓட்டப் போகிறேன். போட்டி எதுவும் இல்லை. கட்டணம் கட்டினால் நம் காரை நாமே ஆசை தீர ஓட்டலாம். பாலிசி முழுக் காப்பீடுதான், பயமில்லை" என்றான்.

நாம் பணி ஓய்வு பெறும் வரை வாகன இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மேசையில் இருந்தவர். 'முழுக் காப்பீடு' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் நம் கை தானாகவே பாலிசித் தாளைத் தேடும். கொண்டுவரச் சொன்னோம்.

நம் நாட்டில் தனியார் காருக்கு வழங்கப்படும் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்றொரு பகுதி உண்டு. பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. வாடகைக்கு ஓட்டுதல், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பந்தயத்தில் வேகம் காட்டி முன்னோடுதல், வேகச் சோதனை, வாகன உறுதிச் சோதனை ஓட்டம் ஆகியவற்றுக்கும் காப்பு இல்லை என்று அங்கே அச்சிட்டிருக்கும். விரலை வைத்துக் காட்டினோம்.

"நான் பந்தயமா ஓடுகிறேன்? பரிசு இல்லை, நேரம் குறிப்பதும் இல்லையே" என்றான்.

கேள்வி நியாயமானதே. பந்தயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேகச் சோதனை இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலும்? தடத்தில் இறங்குமுன், நேரும் எதற்கும் தானே பொறுப்பு என்று அவன் கையொப்பமிட வேண்டியிருக்கும். விபத்து நேர்ந்தால் ஆய்வாளர் முதலில் கேட்பது, எங்கே மோதியது என்பதைத்தான். உள்ளதைச் சொன்னால் கோரிக்கை பெரும்பாலும் நிராகரிக்கப்படும். சாலையில் மோதியது என்று மாற்றிச் சொல்வது பொய். சட்டத்தின் கண்ணில் மோசடி. ஹலாலான சம்பாத்தியத்தில் வாங்கிய காரைப் பொய்க் கோரிக்கையால் செப்பனிடுவதா என்று கேட்டோம். அதற்கு அவன் மறுமொழி சொல்லவில்லை.

ஒரு வாதத்துக்காகக் காப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் எந்தச் சாதாரணப் பாலிசியும் பணம் தருவதில்லை. தடத்தில் காரைத் தின்பவை அவைதாம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 பாகையாவது இருக்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறியபின் அதற்கு 140 பாகை இருந்தாலே போதும். எண்ணெய் கொதித்துக் குமிழி கிளம்பினால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கீழ்க் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

தடத்துக்கும் மலைச்சாலைக்கும் சட்டத்தில் உள்ள வேறுபாடு இதைவிட முக்கியமானது. மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு நம் நாட்டில் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று அது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் உள்ளது. காப்பீட்டைப் பற்றி நம் பெரியோரிடையே இருந்த தயக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். சூடானில் 1979இல் தகாஃபுல் நிறுவனம் தோன்றியதும் மலேசியா 1984இல் அதற்கெனச் சட்டம் இயற்றியதும் அந்தத் தயக்கத்தின் விளைவே. ஆயினும், தெருவில் நடந்து செல்லும் ஏழைக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்யும் இந்தக் கட்டாயத்தை மறுத்தவர் எவரையும் நாம் கண்டதில்லை.

அக்கட்டாயம் 'பொது இடத்துக்கு' மட்டுமே உரியது; அதாவது பொதுமக்கள் உரிமையுடன் செல்லக்கூடிய இடத்துக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு வாயிலை அடைத்துவிடும் பந்தயத் தடம் அவ்வகையில் சேருமா என்பதே வழக்காடத்தக்கது. அங்கே உன் கார் இன்னொருவனை முடமாக்கினால் அவன் யாரிடம் போவான் என்று கேட்டோம். "என்னிடம்தான்" என்றான். அவனிடம் இருப்பது சம்பளமும் தவணைக் கடனும். வீடு தம்பியின் பெயரில் இருக்கிறது.

மலைச்சாலையோ ஐயத்துக்கு இடமின்றிப் பொது இடம். அரசின் எழுத்து மூலமான இசைவின்றி அங்கே வேகப் போட்டியில் ஈடுபட்டால், 189ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உயர்த்திய அளவு இது. நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அப்போது வாங்கியவர் வயிறு நிறையும். கொடுக்க வேண்டியவன் வீடு ஏலத்துக்கு வரும். இளைஞர்கள் நள்ளிரவில் நம் வளைவுகளில் பழகிப் பார்ப்பதைவிட, காசு கட்டித் தடத்துக்குப் போவதே மேல் என்பது நம் கருத்து. அவனுடைய ஆசையை நாம் பழிக்கவில்லை.

அந்த ஆசை இந்நாட்டுக்குப் புதிதும் அன்று. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பந்தயங்கள் நடத்திய நாட்களை முதியோர் இன்னும் பேசுவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்துத் தடம், 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கிலாந்தில் ஒரே ஒரு நாளுக்கென்று தடக் காப்பீடு தனியே விற்கிறார்கள். அதிலும் காரின் மதிப்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். பிறருக்கு நேரும் காயம் அநேகமாக அடங்காது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் யாரும் சுங்கம் கட்டித் தம் காரை ஓட்டலாம். இடித்து நெளித்த தடுப்புக் கம்பிக்கும் பட்டியல் வரும். ஐரோப்பாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணைக் களத்தில் பின்னோக்கி வந்த டிராக்டரின் இழுவை, ஏணியில் நின்றவரைத் தள்ளிவிட்டது. தனியார் நிலத்திலும் வாகனக் காப்பீடு கட்டாயம் என்ற பொருள்பட 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் பந்தயக் கார்களுக்கும் காப்பீடு வேண்டுமே, அதை யார் தருவார் என்று பந்தய உலகமே கலங்கியது. பிரிட்டன் அத்தீர்ப்பின் பிடியிலிருந்து 2022இல் தனிச் சட்டம் இயற்றி விலகிக்கொண்டது. ஓர் ஏணி சரிந்ததால் இத்தனை!

நம் நாட்டுப் பழைய மோட்டார் கட்டண ஏட்டில், உறுதிச் சோதனை ஓட்டத்துக்கும் ராலிக்கும் கூடுதல் பிரிமியம் வாங்கிக் காப்பை நீட்டிக்கும் 31ஆம் ஒப்புரை இருந்தது. அதிலும் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டே இருந்தன. வாய்மொழியாக முகவர் சொல்வதை நம்பாமல், தடத்தின் பெயர், தேதி, போட்டி இல்லை என்ற விவரம் எல்லாம் குறித்து நிறுவனத்துக்கே எழுதிக் கேள் என்றோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து நம் எதிரிலேயே எழுதினான். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி: அத்தகைய பயன்பாடு பாலிசி வரம்புக்கு உட்பட்டதன்று.

அவன் இரு நண்பர்களுடன் சேர்ந்து பழைய சிறு கார் ஒன்றை வாங்கினான். முற்றும் நொறுங்கினாலும் மூவரும் தாங்கக்கூடிய விலை. சாலையில் தடம் வரை போய் வர மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உண்டு. தடத்தில் ஒருவரால் மற்றவருக்குக் காயம் நேர்ந்தால் மருத்துவச் செலவை எவ்வாறு பங்கிடுவது என்று முத்திரைத் தாளில் எழுதி, மூன்று வீட்டுத் தகப்பன்மாரிடமும் கையொப்பம் வாங்கினார்கள். நம் தம்பி இரண்டு நாள் தாளைக் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் ஒப்பமிட்டார்.

இதுவரை நான்கு முறை போய் வந்திருக்கிறான். ஒரு முறை பிரேக் எண்ணெய் கொதித்து மணல் திட்டில் போய் நின்றதாம். குடும்பக் கார் இந்த ஆண்டும் பெருநாளைக்கு ஏற்காடு வந்தது. தீய்ந்த வாடை இல்லை. அவன் தாயார் வழியெல்லாம் உறங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.