கறுப்பு வேட்டி... கும்மிருட்டு... காருக்குக் கண்ணு தெரியுமா?

தேனியில குமுளி பஸ் ஏறி, கம்பம், கூடலூர் தாண்டினீங்கன்னா, திராட்சைப் பந்தல்களும் வயல்களும் முடிஞ்சு மலை வந்து வழிமறிக்கும். அந்த அடிவாரம்தான் லோயர் கேம்ப்! பெரியாறு தண்ணி மலை மேலேர்ந்து ராட்சதக் குழாய்கள்ல இறங்கி, இங்கேதான் மின்சாரமா மாறுது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்குக்கு மணிமண்டபமும் இங்கேதான், 2013-ல் திறந்தாங்க. தேக்கடி டூர் போற கேங் எல்லாம் ரெண்டையும் போட்டோ எடுத்துட்டு, ஜாலியா மலை ஏறிடுவாங்க.

அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் ரோட்டையும் பாருங்க பாஸ்.

விடியறதுக்கு முன்னாடியே, கேரளா ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் பிடிக்க, இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள்ல ரோட்டோரம் பெண்கள் நிப்பாங்க. கார்த்திகை, மார்கழி வந்துட்டா, தலையில இருமுடியோட, கறுப்பு வேட்டியில சாமிமார்கள் சபரிமலைக்கு நடந்தே போவாங்க. கார் போற அதே ரோடுதான் இவங்களுக்கும். ராத்திரியானா கேட்கவே வேணாம்... கும்மிருட்டு!

'கவலை ஏன்? எங்க வீட்டுப் புது கார் ஆளைப் பார்த்தா அதுவே பிரேக் போட்டுடுமே'ங்கறீங்களா? நிஜம்தான். கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா, முன்பக்கம் ஒரு ரேடார். குறுக்கே வர்றது மனுஷ உருவம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சா, முதல்ல பீப் சத்தம். நீங்க அசையலேன்னா, தானே பிரேக்! 2010-ல் வால்வோ எஸ்-60 கார்ல இது வந்தப்போ உலகமே வாயைப் பிளந்தது. 2021-லேர்ந்து எக்ஸ்.யு.வி.700, ஆஸ்டர் மாதிரி கார்கள்ல நம்ம ஊருக்கும் வந்தாச்சு.

நல்ல விஷயம்தான். 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்குக் கார் 16 மீட்டருக்கு மேல ஓடிடும். நீங்க செல்போனை ஒரு நொடி எட்டிப் பார்க்கற நேரம் அது! 2022-ல் மட்டும் இந்தியாவுல சாலை விபத்துகள்ல இறந்த பாதசாரிகள் 32,825 பேர். ஒரு நாளைக்குச் சராசரியா 90 உயிர்.

ஆனா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. அமெரிக்காவுல நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒண்ணு, 2022-ல் ஆய்வு முடிவு வெளியிட்டுச்சு. இந்த வசதி உள்ள கார்கள் பாதசாரிகள் மேல மோதறது 27 சதவிகிதம் குறைவு. சபாஷ்! ஆனா விளக்கில்லாத இருட்டு ரோட்டுல? வண்டி வளைஞ்சு திரும்பும்போது? ரெண்டுலயும் வித்தியாசமே இல்லை.

இருட்டும் வளைவும்... லோயர் கேம்ப்லேர்ந்து குமுளி வரைக்கும் வேற என்னங்க இருக்கு? கொண்டை ஊசி வளைவுல கேமரா நேரா பார்க்கும். ஆள் வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்துட்டிருப்பார்!

இன்னொரு ஷாக். அதே நிறுவனம் 2025-ல் வெளியிட்ட சோதனையில, ராத்திரியில மின்னற பட்டை ஒட்டின ஆள் பொம்மையைக் குறுக்கே விட்டாங்க. சோதிச்ச மூணு கார்ல ரெண்டு, அதைத் திரும்பத் திரும்ப இடிச்சுது. மனுஷக் கண்ணுக்குப் பளிச்சுனு தெரியற பட்டை, மெஷினைக் குழப்பிடுச்சு. அதுக்காகப் பாதயாத்திரை போறவங்க ஸ்டிக்கரைக் கழட்டிடக் கூடாது. இந்த ரோட்டுல வர்ற லாரி, பஸ், ஜீப்பை ஓட்டறது மனுஷங்கதானே... அவங்க கண்ணுக்கு அந்த மினுக்கல்தான் காவல்.

அதனால, அடுத்த தேக்கடி ட்ரிப்புல ஸ்டியரிங் உங்க கையில இருந்தா மூணு விஷயம். பொழுது இருக்கும்போதே மலை ஏறி இறங்கிடுங்க. வளைவுல ஹாரன் அடிச்சு, கியரைக் குறைச்சு, மெதுவா திரும்புங்க. 'வண்டியே பார்த்துக்கும் மச்சி'ன்னு பின் சீட்டு ஃப்ரெண்ட் சொன்னா, சிரிச்சுட்டு ரோட்டைப் பாருங்க.

காருக்கு ஆள் தெரியாமப் போகலாம். உங்களுக்குத் தெரியணும். அந்த வேட்டிக்குள்ள நடக்கறது யாரோ ஒருத்தரோட அப்பா!