மேஸ்திரி கொடுத்த பட்டியல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு ஒதுக்கிய பகுதியில் வாழ்ந்த எல்லோரையும் நான் எண்ணவில்லை. எண்ணிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணி ஓய்வு பெற்றுவிட்ட என்னை இனி யாரும் விசாரிக்கப் போவதில்லை. அதனால்தான் நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரகடத்தை ஒட்டிய கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் அந்த வட்டாரம் அப்போது கட்டுமானக் களமாகக் கிடந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து ஆலைகள் வந்தபடியே இருந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. ஏரிப்பாசன நிலங்களில் சிப்காட் கற்கள் நட்டார்கள். கட்டட வேலைக்குப் பீகார், ஒடிசாவிலிருந்தும் விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்தும் ஆட்கள் வந்து ஊர்க்கோடித் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள்.

படிவத்தில் 29 கேள்விகள். பிறந்த இடம், முன்பு வசித்த இடம், இடம்பெயர்ந்த காரணம், இங்கு வந்து எத்தனை ஆண்டு. இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கொட்டகைகளில்தான் பதில் இருந்தது. ஊர்த் தெருக்களில் வீடு வீடாக உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். கொட்டகை வாசலில் மேஸ்திரி நின்றார். “பேரெல்லாம் நானே எழுதி வச்சிருக்கேன் சார், நீங்க எதுக்கு உள்ள போய் அலையணும்?” என்று கூலி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். எல்லாம் ஆண்களின் பெயர்கள்.

கொட்டகைக்குப் பின்னால், செங்கல் அடுக்கிய அடுப்பில் ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. நாலைந்து வயதிருக்கும் இன்னொன்று தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அந்த மூவரும் தாளில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆண்களுக்கு வயதை நானாகப் போட்டேன். இடம்பெயர்ந்த காரணம் எல்லோருக்கும் ‘வேலை’.

எனக்கு இந்தி தெரியாது. பொதுத்தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. முக்குக் கடைக்காரர் அவர்களோடு தினமும் பேசி வியாபாரம் செய்தவர். கூப்பிட்டிருந்தால் துணைக்கு வந்திருப்பார். அவர்களை எங்கள் ஊர் ஜனமாக நான் நினைக்கவில்லை. வேலை முடிந்தால் போய்விடுவார்கள், அவரவர் ஊரில் எண்ணிக்கொள்வார்கள் என்று விட்டேன். பிப்ரவரி 28 இரவு சாலையோரம் படுத்திருப்பவர்களைக்கூடத் தேடிப்போய் எண்ணச் சொன்ன கணக்கெடுப்பு அது. கூரைக்குக் கீழே இருந்தவர்களை நான் விட்டேன்.

அந்த முறை பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்த எண்ணிக்கை 39,98,252. பத்தாண்டில் 38 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி; மாநிலத்தின் வளர்ச்சி 16 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. செய்தித்தாளில் பார்த்தபோது மனம் பதறியது. மேஸ்திரி தாள்கள் இன்னும் எத்தனை பேரின் கையில் இருந்தனவோ. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என ஐந்து வட்டங்களோடு மிஞ்சிய மாவட்டத்துக்கும் 2011 கணக்கைப் பிரித்துத்தான் 11.66 லட்சம் என்று எழுதினார்கள். நான் விட்டவர்கள் அதிலும் இல்லை. 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி, 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று தலையை எண்ணித்தான் அரசு எதையும் கொடுக்கிறது. தகரக் கதவைப் பிடித்து நின்ற குழந்தைக்குச் சேர வேண்டிய சத்துமாவில் நான் கை வைத்திருக்கிறேன்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து வாரியத்துக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்வது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்கிறது. ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்தினேன். 2011-க்குப் பிறகு அந்த வரிக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் கடந்தேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். கைபேசிச் செயலியில் பதிவு செய்யப் போகிறார்கள். தகரக் கொட்டகைகள் குறைந்து விடுதிகள் வந்திருக்கின்றன. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இந்தப் பகுதிக்குப் போகப்போகிற ஆசிரியத் தம்பி தங்கைகளே, வாசலில் யாராவது ஒருவர் உங்களுக்கும் ஒரு பட்டியலை நீட்டுவார். வாங்காதீர்கள். ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து உள்ளே போங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பெயரையும் வயதையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். பின்கட்டில் அடுப்பு எரிந்தால் அங்கேயும் போங்கள்.